ஒரு விரல் இடைவெளி

மாவு இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கலாம். நேரமில்லை. பேரீச்ச மரத்தின் நிழல் கிணற்றடியைத் தாண்டிவிட்டது, அது எதிர்வீட்டுச் சுவரில் ஏறுவதற்குள் அடுப்பை அணைத்தாக வேண்டும், அணைத்தால் நாளை சாயங்காலம்வரை இந்த வீட்டில் தீ இல்லை, ஆகையால் நாளைக்கும் சேர்த்துச் சுட வேண்டும், இன்றைக்கு அதற்கு மேலேயும் பன்னிரண்டு சுட வேண்டும், ஏனென்றால் அவர்கள் வந்துவிட்டார்கள். காலையில் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். காவலாளிகள் அவர்களை வாய்க்கால் கரையில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பதினோரு வருடத்துக்கு முன்னால் எங்களை உட்காரவைத்த அதே இடம், அதே மரங்கள், மரங்கள் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கின்றன. எங்களைப் பிடித்துவந்தபோது எருசலேம் நின்றுகொண்டிருந்தது, ஆலயமும் நின்றுகொண்டிருந்தது. பாபிலோன்காரர்கள் ராஜாவையும் ஆசாரியர்களையும் கொல்லர்களையும் எங்களைப் போன்ற கொஞ்சம் பேரையும் மட்டும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் எல்லாம் எரிந்த பிறகு வந்தவர்கள். உடுப்பில் இன்னும் புகை வாசனை இருக்கும் என்று நினைத்தேன், முட்டாள்தனம், நாலு மாத நடைக்குப் பிறகு வியர்வை வாசனைதான் இருக்கும். என் வீட்டுக்காரர் மல்கியா வாய்க்கால் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, "எருசா, அவங்களுக்கும் சேர்த்துச் சுடு, குழந்தைங்க இருக்கு" என்றார். சரி என்றேன். சுடுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது, அது அவருக்கும் தெரியாது. சூரியன் விழுந்த பிறகு அவர்கள் தீ மூட்டுகிறார்களா இல்லையா என்று நான் பார்க்க வேண்டும்.

இன்று ஆறாம் நாள். சூரியன் விழுந்தால் ஓய்வுநாள் தொடங்குகிறது. அப்படித்தான் நாங்கள் இங்கே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்களும் அதே எண்ணிக்கையோடு வந்திருந்தால் தீ மூட்ட மாட்டார்கள். மூட்டினால் அவர்களுக்கு இன்று வேறு நாள். பக்கத்துத் தெரு பானித்து இதைக் கேட்டால் சிரிப்பாள். அவள் இந்த ஊர்க்காரி, நல்லவள், வாய் மட்டும் சும்மா இருக்காது. இந்த ஊர்க்காரர்களுக்கும் ஏழாம் நாள் என்று ஒன்று உண்டு, ஆனால் அது பிறை கண்டதிலிருந்து ஏழாவது, அதுவும் ஆகாத நாள், அன்றைக்கு நல்ல காரியம் எதையும் தொட மாட்டார்கள். எங்கள் நாளுக்கும் பிறைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னபோது, "அப்போ இன்னிக்குத்தான்னு உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டாள். எண்ணுகிறோம் என்றேன். "எண்ணும்போது தப்பிப்போச்சுன்னா?" என்றாள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மாதத்தைத் தொலைத்தவன் அண்ணாந்து பார்த்தால் போதும், நிலா சொல்லிவிடும். வருடத்தைத் தொலைத்தவனுக்கு அறுவடை சொல்லும். ஏழாம் நாளை வானத்தில் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி எண்ணிக்கொண்டே வருவதுதான், எங்காவது ஒரு கை தவறவிட்டால் போச்சு, திரும்பப் போய் எடுத்துவர இடம் கிடையாது. இன்னொரு நாள் அதே பானித்து, "உங்க சாமி எங்க சாமிகிட்ட தோத்துட்டார், அப்புறமும் அவரையே ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க?" என்றாள். எங்கள் பெரியவர்கள் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அவர் தோற்கவில்லை, நாங்கள் செய்த குற்றத்துக்காக அவரேதான் பாபிலோன் ராஜாவை எங்கள்மேல் வரவழைத்தார். கெட்டிக்காரப் பதில். தோற்றுப்போனதையும் அவர் செயல் ஆக்கிவிட்டால் அவரை யாரும் தோற்கடிக்க முடியாது. நானும் அதைத்தான் அவளிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் பிள்ளை என்ன குற்றம் செய்தான் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது, பேச்சை மாற்றிவிட்டேன்.

முதல் ரொட்டியை அடுப்பின் உட்சுவரில் அறைந்தால் கை ரோமம் பொசுங்குகிறது. வறட்டி இன்றைக்கு நன்றாகக் காய்ந்திருக்கிறது. அப்பா இருந்தால் இந்த வாசனைக்குக் கண்ணை மூடிக்கொள்வார். அப்பா பெத்தகியா ஆலயத்தில் ஆசாரியர், சின்ன ஆசாரியர்தான், அவர் வேலை கர்த்தருடைய சந்நிதியில் பன்னிரண்டு அப்பங்களை அடுக்குவது, ஓய்வுநாள்தோறும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. வேறு யாருக்கு ஏழாம் நாள் மறந்தாலும் அவருக்கு மறக்காது, அது அவர் கையிலேயே இருந்தது. இங்கே வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லை. அப்பம் வைக்க மேசை இல்லை, மேசை வைக்க ஆலயம் இல்லை, இந்த மண்ணில் பலி கொடுக்கவும் முடியாது. முதல் வருடம் அவர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள் மல்கியாவிடம், "கர்த்தர் வீட்டைத்தான் பாபிலோன் ராஜாவால இடிக்க முடியும் மாப்பிள்ளை, ஏழாம் நாளை இடிக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து ஓய்வுநாள் சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் கூட்டம். பலி இல்லை, தூபம் இல்லை, சும்மா உட்கார்ந்து பழைய கதைகளைச் சொல்வார்கள், பிரமாணங்களைச் சொல்வார்கள், ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். இப்போது அதைத் தோலில் எழுதக்கூடத் தொடங்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். அவ்வளவு பெரிய ஆலயத்துக்குப் பதிலாக இவர்கள் ஒரு நாளுக்குள் குடியேறியிருக்கிறார்கள், அந்த நாள் நிற்பதோ என் கயிற்றில். ரொட்டி கருகுகிறது, எடு.

கயிறு மாவுப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி இருக்கிறது. எடுக்க வேண்டாம், கைக்குத் தெரியும். புறப்பட்ட அன்று அப்பா ஆட்டு ரோமத்தில் முறுக்கியது. சாயங்காலத்துக்கு ஒரு முடிச்சு, ஏழாவது பெரிய முடிச்சு. நடத்திவந்தவர்கள் ஓய்வுநாள் என்று எங்களை ஒருநாளும் நிற்கவிட்டதில்லை, எல்லா நாளும் நடைதான், ஆகையால் நாட்களெல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, இரண்டாம் மாதத்திலேயே எல்லாருக்கும் எண்ணிக்கை போய்விட்டது. வழியில் ரிப்லா என்ற ஊருக்கு அருகில் அப்பாவுக்குக் கண் மங்கியது. கயிற்றை என்னிடம் தந்து, "நீ போடு எருசா, மறந்துடாதே" என்றார். எனக்கு அப்போது ஒன்பதாம் மாதம். ஆண்கள் முன்னால் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுப் போனார்கள், மல்கியா அங்கே. நானும் அப்பாவும் அசுபாள் கிழவியும் இன்னும் நாலு பேரும் ஒரு வண்டியில். தொண்ணூற்று மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன், அது சத்தியம், வலி தொடங்கியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். இருட்டிய பிறகு பிறந்தான். ஆண் பிள்ளை என்று அசுபாள் சொன்னது காதில் விழுந்தது. அவன் அழுததும் விழுந்தது. பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது விடிந்திருந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் அவன் இல்லை. வழியில் புதைத்துவிட்டோம் என்றாள் அசுபாள். "கொஞ்சம் அழுதான், அப்புறம் நிறுத்திட்டான், நீ அழாதே" என்றாள். நான் அழவில்லை. அப்பா அந்த வாரமெல்லாம் காய்ச்சலில் கிடந்தார், அன்றைக்குத்தான் நினைவு வந்து, "முடிச்சு போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன். அது பொய் இல்லை. சூரியன் விழுந்ததும் தொண்ணூற்று நாலாவதைப் போட்டேன்.

எந்த விடியல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவன் பிறந்த இரவுக்கு அடுத்த விடியலா, அதற்கும் அடுத்ததா? அப்போது அது தோன்றவே இல்லை. தோன்றியபோது ஐபிராத்து ஆற்றைக் கடக்கும் இடத்தில் அசுபாள் செத்துப்போயிருந்தாள். வண்டியில் இருந்த ஒருத்தி ஒரு ராத்திரிதான் என்றாள். இன்னொருத்தி இரண்டு, நடுவில் மழை பெய்ததே என்றாள். மூன்றாவது ஆளைக் கேட்கவில்லை, கேட்டால் கயிற்றைச் சந்தேகிக்கிறேன் என்று அப்பாவுக்குப் போய்ச்சேரும். ஆனால் நான் விழித்தபோது மார் கல்லாகக் கட்டியிருந்தது. துணி நனைந்திருந்தது. அசுபாள் ஒரு துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். இங்கே யாருக்குப் பிரசவமானாலும் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறேன், எருசாளுக்குப் பிள்ளை இல்லை, பாவம், மற்றவர்கள் பிள்ளைமேல் எவ்வளவு பிரியம் என்கிறார்கள். நான் போவது ஒரே கேள்விக்காக. பால் எப்போது இறங்கியது? முப்பத்தொரு பேரைக் கேட்டிருக்கிறேன். முப்பது பேருக்கும் இரண்டு இரவு கழியாமல் இறங்கவில்லை. ஒரே ஒருத்தி மட்டும், கொல்லன் வீட்டு மருமகள், "மறுநாள் காலையிலயே கட்டிக்கிச்சு அக்கா" என்றாள், அவளை நாலு அறை அறையலாம்போல இருந்தது. கயிறு சரியென்றால் என் பிள்ளை இருட்டில் பிறந்து இருட்டிலேயே போய்விட்டான். கயிறு தவறென்றால் அவனுக்கு ஒரு பகல் இருந்தது, வண்டியில் வெயில் அடித்திருக்கும், மழை பெய்திருக்கும், நான் பக்கத்திலேயே கிடந்திருப்பேன். கயிறு தவறாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. பதினோரு வருடமாக இதே ஆசை. அப்படி ஆசைப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்துதான் ஆசைப்படுகிறேன்.

ஒன்பது, பத்து. மாவு போதும். நிழல் சுவரடிக்கு வந்துவிட்டது. நாங்கள் வந்து இறங்கியபோது பெரியவர்கள் கூடி, இன்று என்ன நாள் என்று கேட்டார்கள். மூன்று பேர் மூன்று நாள் சொன்னார்கள், மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள், இரண்டு பேர் கைகலப்புக்கே போய்விட்டார்கள். ஆலயத்திலிருந்து எங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகு அடித்துக்கொள்ள எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அப்பா கயிற்றைக் கேட்டார். கொடுத்தேன். எல்லார் முன்னாலும் விரலால் தடவி எண்ணினார். தொண்ணூற்று மூன்றுக்கும் தொண்ணூற்று நாலுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் வெற்றுக் கயிறு, மற்ற எல்லா முடிச்சும் ஒட்டி ஒட்டி இருக்க அங்கே மட்டும் இடைவெளி, இன்னொரு முடிச்சுக்குச் சரியான இடம். நான் வேண்டுமென்று விட்டதில்லை, கை தானாக விட்டது. அப்பாவின் விரல் அங்கே நின்றது. அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார், கண் தெரியாதவர் எதற்குத் திருப்ப வேண்டும்? பிறகு விரல் நகர்ந்தது. "நாளைக்கு ஓய்வுநாள்" என்றார். அப்பங்களை அடுக்கியவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அந்த முதல் ஓய்வுநாளில் ஆண்கள் வாய்க்காலில் இறங்கவில்லை, மேஸ்திரி சவுக்கால் அடித்தான், அடுத்த வாரமும் அடித்தான், மல்கியாவின் முதுகில் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை இன்றைக்கும் இருக்கிறது, நான்தான் எண்ணெய் தடவுகிறேன். பிறகு மேஸ்திரிக்கே சலித்துப்போய், மற்ற ஆறு நாளில் அதிகம் தோண்டிவிட்டுத் தொலையுங்கள் என்று விட்டுவிட்டான். அந்த முதுகைப் பார்த்து, நீர் அடி வாங்கியது வேறு நாளுக்காக என்று எந்த வாயால் சொல்வது? அப்பா மூன்றாம் வருடம் போய்விட்டார். கடைசிவரை அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதற்கு ஒரே வழி, அங்கிருந்தே எண்ணிக்கொண்டு யாராவது வருவதுதான். நடுவில் எருசலேமிலிருந்து ஒரு கடிதம் வந்தது, எல்லாரும் அழுதுகொண்டு படித்தார்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள் என்று. நான் மல்கியாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லி, எந்த மாதத்து எந்தத் தேதி ஓய்வுநாளாக விழுந்தது என்று எங்காவது ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கொண்டுவந்தவனைக் கேட்டேன், அவன் வழியெல்லாம் ஒட்டகக்காரர்களோடு வந்தவன், "நாளா? நான் உயிரோட வந்ததே பெரிசு" என்றான். இப்போது நாற்பது பேர் வந்திருக்கிறார்கள். காலையில் நான் அவர்கள் இடுப்பையும் மணிக்கட்டையும்தான் பார்த்தேன், ஏதாவது கயிறு கட்டியிருக்கிறதா என்று. கட்டின தழும்புதான் இருந்தது. நேராகவே கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஒன்று என் பிள்ளை போவான், இல்லாவிட்டால் அப்பா போவார். பன்னிரண்டு. போதும், அடுப்பை மூடு, சாம்பலை இழு, தணல் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் புகை அடங்குகிறது. ஆண்கள் மண்வெட்டியோடு திரும்பி வருகிறார்கள், மல்கியா முகம் கழுவுகிறார். எதிர்ச் சுவரில் வெயில் போய்விட்டது. வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்க்காதே, கூடையை எடு, துணியைப் போர்த்து, இப்போது பார்.

புகை. மரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு புகை, மெல்லிசாக, நேராக மேலே போகிறது, கீழே சிவப்பாகத் தெரிகிறது. என் கால் ஓடியது, கூடை இடுப்பில் இடித்தது. மூட்டிவிட்டார்கள். அப்படியானால் எங்கள் எண்ணிக்கையில் ஒரு நாள் குறைகிறது, அங்கே ஓய்வுநாள் இப்போதுதான் முடிந்திருக்கிறது, அப்படியானால் நான் விழித்தது இரண்டாவது விடியல்தான், அப்படியானால் அவனுக்கு ஒரு பகல் இருந்தது. சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம், தொண்டைவரைக்கும் சந்தோஷம். பதினோரு வருடத்து ஓய்வுநாள் எல்லாம் தப்பு, மல்கியாவின் முதுகு தப்பு, அப்பா கல்லறையில் புரள்வார், புரளட்டும், என் பிள்ளை மழையைப் பார்த்திருக்கிறான். தீயின் பக்கத்தில் ஒருத்தி குந்தியிருந்தாள், என்னைவிடச் சின்னவள், மூன்று கல்மேல் ஒரு உடைந்த பானை, அதில் ஏதோ கூழ், மடியில் ஒரு பெண் குழந்தை பானையையே பார்த்துக்கொண்டிருந்தது. கூடையை இறக்கினேன். "உன் பேர் என்னம்மா?" என்றேன். திர்சாள் என்றாள். "திர்சா, இன்னிக்கு என்ன நாள்? உங்க எண்ணிக்கையில என்ன நாள்?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்களுக்கு ஏதுக்கா எண்ணிக்கை? ஆலயம் எரிஞ்ச அன்னியோட யாரும் எண்ணலை. எண்ண வேண்டியவங்களை எல்லாம் வாசல்லயே வெட்டிட்டாங்க" என்றாள். அவள் அதை உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு சுற்றிப் பார்த்தாள், நாங்கள் குடியிருக்கும் மேட்டில் ஒரு வீட்டிலும் தீ இல்லை என்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

சட்டென்று எழுந்தாள். குழந்தையைத் தரையில் விட்டாள். "ஐயோ, ஓய்வுநாளா?" என்றாள். மற்றவர்களும் திரும்பினார்கள். ஒரு கிழவர் படுத்திருந்த இடத்திலிருந்து கையூன்றி எழப் பார்த்தார். திர்சாள் வாய்க்காலில் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு தீயின் மேலே பிடித்தபடி நின்றாள், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூழ் பாதிதான் வெந்திருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் கேட்க இனி வழி இல்லை என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது, எருசலேமில் எண்ணிக்கொண்டிருந்த கைகள் போய்விட்டன, மிச்சம் இருப்பது என் கை. அவள் என் முகத்தையே பார்த்தாள். "எங்களுக்கு எல்லாம் போச்சுக்கா. இதாவது இங்க இருக்கா? நீங்க விடாம எண்ணிட்டுத்தான் வந்தீங்களா?" எங்களில் மூன்று பேர் மூன்று நாள் சொன்னதும், அப்பாவின் விரல் நின்று நகர்ந்ததும் நினைவுக்கு வந்தன. அந்த விரல் ஏன் நகர்ந்தது என்று இப்போது தெரிந்தது. நான் ரொட்டியை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தேன், இன்னும் சூடு இருந்தது. ஆமாம், எண்ணினது நான்தான், வழியெல்லாம் நான்தான், இது ஓய்வுநாள்தான் என்றேன். அவள் குடத்தைச் சாய்க்கப் போனவள் ஒரு நொடி நிறுத்தினாள். "நடுவுல ஒரு நாள் விட்டுப்போயிருக்காதேக்கா?"

"இல்லம்மா" என்றேன். "ஒரு நாள்கூட இல்ல."

அவள் தண்ணீரை ஊற்றினாள்.